போனே வயசைச் சொல்லணுமா? டெல்டா பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயன்படுத்துபவரின் வயதைப் போனின் இயங்குதளமே (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) செயலிகளுக்குச் சொல்ல வேண்டும் என்ற யோசனை பற்றி, கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும், இ-சேவை மையத்திலும், செல்போன் கடை வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். முந்தைய பதிலில் சொன்னதைத் திரும்பச் சொல்லாததால், மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

ஆப்பரேட்டிங் சிஸ்டம்னா என்னங்க? வாட்ஸ்அப் மாதிரி அதுவும் ஒரு ஆப்பா?

இல்லை. போனை ஆன் செய்ததும் முதலில் எழுந்து, கடைசிவரை மற்ற எல்லாவற்றையும் ஓட வைப்பது அதுதான். ஆண்ட்ராய்டு, ஐபோனின் ஐஓஎஸ், கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் இந்த வகை. வாட்ஸ்அப், யூடியூப், உழவன் செயலி ஆகியவை அதன்மேல் குடியிருப்பவை. கேமராவையோ இருப்பிடத்தையோ ஒரு செயலி தொட வேண்டுமானால் இயங்குதளத்திடம் அனுமதி கேட்டே ஆக வேண்டும். எல்லாச் செயலியும் கடக்கும் ஒரே வாசல் அது என்பதால்தான், வயதையும் அங்கேயே வைத்துவிடலாமே என்ற யோசனை வந்தது.

வயசு சரிபார்க்கிறதுன்னா ஆதார் கேப்பாங்களா?

மூன்று வெவ்வேறு வேலைகளை ஒரே பெயரில் கூப்பிடுவதால் வரும் குழப்பம் இது. முதலாவது, நாமே பிறந்த தேதியைச் சொல்வது. அதை யாரும் சோதிப்பதில்லை. இரண்டாவது, முகத்தைக் கேமராவில் காட்டச் சொல்லியோ, பயன்படுத்தும் விதத்தைப் பார்த்தோ வயதைக் கணிப்பது. இது உத்தேசம்தான். 16-ஐயும் 18-ஐயும் பிரிக்கும் இடத்தில் அடிக்கடி தவறும். மூன்றாவது, அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்வது. ஆதார் பேச்சு வருவது இந்த மூன்றாவதில் மட்டும்.

எந்தச் செய்தியைப் படித்தாலும், இந்த மூன்றில் எதைச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பாதிப் பயம் அங்கேயே குறைந்துவிடும்.

போனுக்குள்ளயே வயசு வைக்கணும்னு எந்த நாட்டுல சட்டம் வந்திருக்கு?

அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம். 2025 அக்டோபரில் கையெழுத்தாகி, 2027 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வருவதாக எழுதப்பட்டது. புதிய சாதனத்தில் கணக்குத் தொடங்கும்போது வயதையோ பிறந்த தேதியையோ கேட்க வேண்டும். செயலி கேட்டால் 13-க்குக் கீழ், 13 முதல் 15, 16-17, 18-க்கு மேல் என்ற நான்கு அடுக்கில் எது என்பதை மட்டும் இயங்குதளம் சொல்ல வேண்டும். தேதியைச் சொல்லக் கூடாது. ஆவணமும் கேட்பதில்லை. அதாவது மேலே சொன்ன முதல் வகை: பெற்றோர் பதிந்ததே கணக்கு.

அமெரிக்காவின் யூட்டா, டெக்சாஸ் மாநிலங்கள் வேறு வழியில் போயின. அங்கே பொறுப்பு ஆப் ஸ்டோர் மேல். வயதைச் சரிபார்த்து, சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதமும் வாங்க வேண்டும். டெக்சாஸ் சட்டம் 2026 ஜனவரி 1-இல் தொடங்க இருந்தது. ஒரு வாரத்துக்கு முன் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. புத்தகக் கடை வாசலிலேயே ஒவ்வொருவரின் வயதையும் சோதிப்பதற்கு ஒப்பானது என்பது நீதிபதி சொன்ன ஒப்பீடு. பிரேசிலில் 2025 செப்டம்பரில் வந்த சட்டம் இயங்குதளம், ஆப் ஸ்டோர் இரண்டையும் வயதுத் தகவல் தரச் சொல்கிறது. ஆஸ்திரேலியா இதற்கு நேர் எதிர்: 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கிடையாது. 2025 டிசம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டத்தில் தடுக்கும் பொறுப்பு முழுக்கச் சமூக ஊடக நிறுவனங்களுடையது. போன் தயாரிப்பவருக்கு அதில் வேலை இல்லை.

நம்ம ஊர்லயும் வந்துருச்சுன்னு சொல்றாங்களே?

இரண்டு விஷயம் கலந்து வருகிறது. 2025 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆஸ்திரேலியாவைப் போல ஒரு சட்டம் கொண்டுவருவதை ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்று சொன்னது. தஞ்சாவூர் மாவட்டம் அந்தக் கிளையின் எல்லைக்குள் வருவதால் இங்கே பேச்சு அதிகம். அது யோசனைதான், அதனாலேயே எந்தக் கணக்கும் மூடப்படாது.

உண்மையில் இருக்கும் சட்டம் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. குழந்தைகள் பற்றிய பகுதிக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. நம் சட்டத்தில் 18 நிரம்பாத எல்லோரும் குழந்தைதான். நடுவில் 13, 16 என்ற படிகள் இல்லை. குழந்தையின் தரவைத் தொடுமுன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். குழந்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் ₹200 கோடி வரை அபராதம். சம்மதம் தருபவர் பெரியவர்தானா என்பதைப் பார்க்க, நிறுவனம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள நம்பகமான விவரத்தை வைத்துக்கொள்ளலாம், அல்லது டிஜிலாக்கர் (அரசின் மின்னணு ஆவணப் பெட்டகம்) போன்ற சேவை தரும் ஒரு டோக்கனை, அதாவது மின்னணுச் சான்றை, ஏற்கலாம். பொறுப்பு தரவைச் சேகரிப்பவருடையது. இயங்குதளம் வயதைச் சொல்ல வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

அப்ப யாரு மேலதான் பொறுப்பைப் போடணும்?

இந்தச் சண்டையில் ஒவ்வொருவரும் பந்தை அடுத்த வீட்டுக்கு உதைக்கிறார்கள் என்பதை மனதில் வையுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வைத்திருக்கும் மெட்டா, ஆப் ஸ்டோர்தான் பார்க்க வேண்டும் என்கிறது. ஆப்பிள் டெக்சாஸ் சட்டத்தை எதிர்த்தது. கலிஃபோர்னியா ஏற்பாட்டைக் கூகுள் ஆதரித்தது. அதில் ஆவணம் வாங்கிச் சரிபார்க்கும் சுமை இல்லை.

எங்கள் கருத்து இது: இயங்குதளம் வயதுத் தகவலை எடுத்துச் செல்லலாம், அதற்கு அதுவே பொருத்தமான இடம். ஆனால் அந்தத் தகவலைக் கேட்டபின் என்ன செய்வது என்ற பொறுப்பு சேவை நடத்துபவருடையதாகவே இருக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் திறப்பது கல்லணையில்தான். அதற்காக, கடைமடை வயலில் மடையை அடைக்காமல் விட்டதற்குக் கல்லணையைக் குற்றம் சொல்ல முடியாது. நள்ளிரவில் 14 வயதுப் பிள்ளைக்கு முன்பின் தெரியாத ஆளிடமிருந்து செய்தி வர வழி வைத்தது அந்தச் செயலி. பெற்றோர் ஒரு பெட்டியில் டிக் போட்டார்கள், போன் வயதைச் சொல்லிவிட்டது என்பதைக் காட்டி அந்தச் செயலி கைகழுவ இடம் தரக் கூடாது.

ஒவ்வொரு ஆப்பும் ஆதார் கேக்கறதுக்கு, போன் ஒரே தடவை பார்த்துக்கிட்டா நல்லதுதானே?

ஆம், இந்த யோசனையின் மிகப் பெரிய பலம் அதுதான். ஆவணத்தின் நகல் போய்ச் சேரும் இடம் ஒவ்வொன்றும் கசியக்கூடிய இடம். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி நிறுவனம், வாடிக்கையாளர் சேவையைப் பார்த்துவந்த வெளி நிறுவனம் வழியாகச் சுமார் 70,000 பேரின் அரசு அடையாள ஆவணப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று தானே அறிவித்தது. வயது குறித்த முறையீடுகளுக்காக வாங்கிய படங்கள் அவை. பத்துச் செயலிக்கு ஆவணம் கொடுத்தால் பத்து இடத்தில் இதே ஆபத்து.

ஒரே தடவை போதும் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தகவல் போனிலேயே இருக்க வேண்டும். செயலிக்கு அடுக்கு மட்டும் போக வேண்டும். எந்தச் செயலி எப்போது கேட்டது என்ற பட்டியலை ஆண்ட்ராய்டை நடத்தும் கூகுளோ, ஆப்பிளோ சேர்த்து வைக்கக் கூடாது. இல்லாவிட்டால் நூறு சின்னப் பதிவேட்டுக்குப் பதில் ஒரு பெரிய பதிவேடு, அதுவும் இரண்டே நிறுவனங்களின் கையில்.

எங்க வீட்டுல ஒரே போன். நான், வீட்டுக்காரர், அப்பாயி, புள்ளைங்க எல்லாரும் அதுலதான். யாரு வயசைப் போடறது?

இந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான இடம் இதுதான். சட்டங்களை எழுதியவர்கள் ஒரு ஆளுக்கு ஒரு போன் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். கலிஃபோர்னியா சட்டமே சாதனத்தை முதன்மையாகப் பயன்படுத்தும் குழந்தையைப் பற்றித்தான் பேசுகிறது. நம் வீடுகளில் காலையில் அதே போனில் கொள்முதல் நிலையத்தின் குறுஞ்செய்தி வரும், மதியம் வங்கி ஓடிபி, மாலையில் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம், இரவில் அப்பாயிக்குச் சீரியல். பிள்ளையின் வயதைப் பதிந்தால் பெரியவர்களுக்குப் பணம் அனுப்பும் செயலி முரண்டு பிடிக்கலாம். பெரியவர் வயதைப் பதிந்தால், பிள்ளை கையில் போன் இருக்கும் நேரத்திலும் எல்லாச் செயலிக்கும் அது 18-க்கு மேல்தான்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: கணக்கைப் பெரியவர் பெயரிலேயே வையுங்கள். பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, அமைப்புகள், குடும்பம், பெற்றோர் கட்டுப்பாடு என்று போய் அதை இயக்குங்கள். நான்கு இலக்க எண் ஒன்று கேட்கும். பிறந்த ஆண்டு, வண்டி எண் வேண்டாம், பிள்ளைகள் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். அதன்பின் செயலிகளுக்கு வயது வரம்பைத் தேர்ந்தெடுங்கள். இது அந்தப் போனுக்கு மட்டும் பொருந்தும், குழந்தைக்குத் தனிக் கணக்கு தேவையில்லை. ஒரு குறை: ஏற்கெனவே இறக்கி வைத்த செயலியை இது தொடாது. அதை நீங்கள்தான் நீக்க வேண்டும். யூடியூப் செயலியின் அமைப்புகளில் வரையறுக்கப்பட்ட பயன்முறை இருக்கிறது, அதையும் இயக்குங்கள்.

இன்னொரு வழி, சில போன்களில் அமைப்புகளில் 'பல பயனர்கள்' என்று இருக்கும். பிள்ளைக்குத் தனிப் பயனரை உருவாக்கினால் உங்கள் வங்கிச் செயலியும் புகைப்படமும் அங்கே தெரியாது. ஆனால் நிறையப் பிராண்டுகள் இந்த வசதியை எடுத்துவிட்டே விற்கின்றன. இல்லாவிட்டால் செயலியைப் பின் செய்யும் வசதியைப் பாதுகாப்பு அமைப்புகளில் தேடுங்கள்: ஒரே செயலியைத் திறந்து பூட்டிக் கையில் கொடுக்கலாம், வெளியே வர உங்கள் பூட்டு எண்ணைக் கேட்கும்படி அங்கேயே அமைத்துவிடுங்கள். வீட்டுப்பாடம் பார்க்கும் அரை மணி நேரத்துக்கு இது போதும்.

கடைக்காரத் தம்பிதான் ஜிமெயில் போட்டுக் கொடுத்துச்சு. பிறந்த தேதி என்ன போட்டுச்சுன்னே தெரியலையே?

பல கடைகளில் கூட்ட நேரத்தில் வாயில் வந்த ஒரு தேதியைப் போட்டுவிடுகிறார்கள். நாளை வயதுத் தகவல் நடைமுறைக்கு வந்தால் அந்தத் தேதிதான் உங்கள் வீட்டின் சாட்சி ஆகும். இப்போதே பாருங்கள்: அமைப்புகள், கூகுள், கணக்கை நிர்வகித்தல், தனிப்பட்ட தகவல், பிறந்த நாள். தவறாக இருந்தால் அங்கேயே திருத்தலாம்.

பிள்ளையின் கணக்காக இருந்து, திருத்தும் தேதி 13 வயதுக்குக் கீழ் வந்தால் அவசரப்பட வேண்டாம். பெற்றோர் மேற்பார்வையை ஏற்படுத்தக் கூகுள் 14 நாள் அவகாசம் தரும். அதற்குள் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும். அதனால் முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, பெற்றோர் மேற்பார்வைக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியை உங்கள் போனில் நிறுவிய பிறகே தேதியைத் திருத்துங்கள். புதுப் போன் வாங்கும்போது கணக்கு தொடங்கும் திரையை மட்டுமாவது நீங்களே தட்டுங்கள்.

அவங்க அப்பா சிங்கப்பூர்ல இருக்காரு. போன் அங்கேர்ந்து வந்தது. அங்கேயிருந்தே அவரு கண்ட்ரோல் பண்ணலாமா?

முடியும் என்று தோன்றும், ஆனால் இடையில் தடங்கல் வரும். கூகுள் குடும்பக் குழுவில் எல்லோரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அதனால் குழுவின் நிர்வாகியாக ஊரில் பிள்ளையோடு இருப்பவரை, அம்மாவையோ தாத்தாவையோ, வைப்பதே சரி. அப்பாவின் பழைய கணக்கு போனில் உள்நுழைந்தே இருந்தால், பிள்ளை பார்ப்பதெல்லாம் அப்பாவின் வயதில்தான் பதிவாகும். அந்தக் கணக்கை எடுத்துவிடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை போன் எங்கே வாங்கியது என்பது பெரிதில்லை. பயன்படுத்துபவர் எங்கே இருக்கிறார், கணக்கு எந்த நாட்டில் பதிவானது என்பதைத்தான் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் 2025 மார்ச் 31 முதல் ஆப் ஸ்டோர்களுக்கென்றே ஓர் இணையப் பாதுகாப்பு நெறிமுறை இருக்கிறது. கணக்கு அந்நாட்டில் பதிவாகியிருந்தால், வயதைக் கேட்கும் திரை ஊரில் வேறு யாருக்கும் வராமல் உங்களுக்கு மட்டும் வரலாம். போன் பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம்.

எங்க பய கில்லாடி. இதையெல்லாம் தாண்டிருவானே?

தாண்ட ஐந்து வழி இருக்கிறது. ஸ்டோரைத் தொடாமல் ஏபிகே கோப்பாக (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) இறக்குவது முதல் வழி. 'அறியப்படாத செயலிகளை நிறுவுதல்' என்ற அனுமதியைப் பிரவுசருக்கும் கோப்பு மேலாளருக்கும், முக்கியமாக வாட்ஸ்அப், டெலிகிராமுக்கும் மூடினால் பெரும்பாலும் அடங்கும். இரண்டாவது, செயலியை விட்டுப் பிரவுசரில் அதே தளத்தைத் திறப்பது. செயலிக்குச் சொல்லும் வயதை இயங்குதளம் இணையதளத்துக்குச் சொல்வதில்லை. பிரவுசர் அதைக் கடத்தினால்தான் உண்டு. இந்தச் சட்டங்களில் பெரிய ஓட்டை இதுதான் என்பது எங்கள் எண்ணம். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் ரவுட்டரின் அமைப்புகளில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) கட்டத்தில் 1.1.1.3, அடுத்ததில் 1.0.0.3 என்று போடுங்கள். ஆபாசத் தளங்களைத் தடுக்கும், கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனத்தின் இலவச ஏற்பாடு அது. போனில் உள்ள 'தனிப்பட்ட டிஎன்எஸ்' கட்டத்தில் இந்த எண்களைப் போட்டால் ஏற்காது, அங்கே பெயர் வடிவ முகவரிதான் செல்லும். பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ரவுட்டர் தடை வேலை செய்யாது.

மூன்றாவது விபிஎன், அதாவது இணையப் போக்குவரத்தை மறைத்து வேறொரு கணினி வழியாக அனுப்பும் செயலி: இது ரவுட்டர் தடையைத் தாண்டும், ஆனால் போனில் பதிந்த வயதை மாற்றாது. அந்த ஒரு விஷயத்தில் இயங்குதள ஏற்பாடு மற்றதைவிட உறுதியானது. நான்காவது, போனை முழுதாக அழித்துத் தொடங்குவது. அமைப்புகளுக்குள் போகாமல் பொத்தான்களை அழுத்தி அழித்தால், முன்பிருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையோ பழைய திரைப் பூட்டையோ கேட்கும். அதைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். ஐந்தாவது நண்பனின் போன். அதற்கு எந்தச் சட்டத்திலும் வழியில்லை.

காலேஜ்ல குடுத்த லேப்டாப்புல லினக்ஸ் இருக்கு. அதுக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

தமிழ்நாடு அரசு 2011 முதல் தந்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை அடியாக வைத்து உருவாக்கியது அது. அந்த லேப்டாப்புகள் பல வீடுகளில் இப்போது தம்பி தங்கைகளிடம் இருக்கின்றன. லினக்ஸில் கணக்கு என்பது அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் ஒரு பெயர். எந்த நிறுவனத்திடமும் பதிவாவதில்லை. நிர்வாகக் கடவுச்சொல் தெரிந்தவர் எதை வேண்டுமானாலும் மாற்றலாம்; பென் டிரைவில் இன்னொரு இயங்குதளத்தைப் போட்டுத் தொடங்கலாம்.

கலிஃபோர்னியா சட்டமோ, பொதுக் கணினியின் இயங்குதளத்தை உருவாக்குபவர், உரிமம் தருபவர், கட்டுப்படுத்துபவர் எல்லோரையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டது. அபராதம் கவனக்குறைவுக்குப் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு 2,500 டாலர் வரை, தெரிந்தே செய்தால் 7,500 டாலர் வரை. வருமானமே இல்லாமல் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்யும் ஒன்றையும் உலகின் பெரும் நிறுவனங்களையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். நம் நாட்டில் இப்படி ஒரு சட்டம் எழுதினால் இந்த இடத்தில் விலக்கு கட்டாயம் வேண்டும்; இல்லாவிட்டால் அரசே தந்த மென்பொருள் அரசுச் சட்டத்தை மீறியதாகிவிடும்.

போன் எல்லா ஆப்புக்கும் "இது சின்னப் புள்ள"ன்னு சொன்னா, அதுவே ஆபத்து இல்லையா?

சரியான கேள்வி, இதை நிறையப் பேர் கேட்பதில்லை. நல்ல செயலிக்குப் போகும் அதே தகவல் கெட்ட செயலிக்கும் போகும். டார்ச் லைட் செயலிக்கு உங்கள் பிள்ளை 13-க்குக் கீழ் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தகவலை வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதை மதிக்காதவனுக்கு அந்த வரி தடையில்லை. ஆப்பிள் தன் ஏற்பாட்டில் வயது அடுக்கைப் பகிரலாமா என்பதைப் பெற்றோர் முடிவுசெய்ய வழி வைத்திருக்கிறது. அதுதான் சரியான திசை.

அடுக்கு மட்டும்தானே, தேதி போகாதே என்று நிம்மதி அடையவும் முடியாது. நேற்றுவரை 13-க்குக் கீழ் என்று வந்த பதில் இன்று மாறினால், தினமும் கேட்கும் செயலிக்குப் பிள்ளையின் பிறந்த தேதி அப்படியே கிடைத்துவிடும். பிறந்த நாளிலேயே மாற்றாமல் சில வாரம் முன்பின்னாக மாற்றுவதும், ஒரு செயலி எத்தனை முறை கேட்கலாம் என்று வரம்பு வைப்பதும் இதற்குத் தீர்வு.

வயசைத் தப்பா போட்டுட்டா போலீஸ் நம்மளைப் பிடிக்குமா?

நம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ₹200 கோடி அபராதம் தரவைக் கையாளும் நிறுவனத்துக்கு, பெற்றோருக்கு அல்ல. கலிஃபோர்னியாவிலும் அபராதம் இயங்குதளத்துக்கும் செயலி நடத்துபவருக்கும்தான். அங்கே நல்லெண்ணத்தோடு முயன்ற இயங்குதளத்துக்கு, தகவல் தவறானதற்காகத் தண்டனை இல்லை. பிள்ளையின் வயது வேறு என்பதற்குத் தெளிவான ஆதாரம் செயலியிடமே இருந்தால், போன் சொன்னதை விட்டு அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'பத்தாம் வகுப்பு பி பிரிவு' என்று படம் போடும் கணக்கை 18 வயது என்று நடத்திவிட்டுத் தப்பிக்க முடியாது. மேலே கல்லணை உதாரணத்தில் சொன்ன பொறுப்பு இப்படித்தான் சட்டமாக எழுதப்பட வேண்டும்.

வயசு கேக்கறாங்கன்னு ஒரு லிங்க் வந்துச்சு, ஆதார் நம்பர் போட்டுட்டேன். இப்ப என்ன பண்றது?

வயதுச் சரிபார்ப்பு பற்றிய பேச்சு பெருகும்போதெல்லாம் இந்த மோசடியும் கூடவே வரும். உண்மையான நிறுவனம் வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பி ஆதார் ஓடிபி கேட்காது. எண்ணை மட்டும் கொடுத்து ஓடிபியைக் கொடுக்காவிட்டால் ஆபத்து குறைவு. இருந்தாலும் எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள்; தேவையான நேரத்தில் மட்டும் திறக்கலாம்.

ஓடிபியும் கொடுத்திருந்தால், பணம் போயிருந்தால், உடனே 1930-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். பிள்ளையிடம் யாராவது படம் கேட்டு மிரட்டியிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. அந்த உரையாடலை அழிக்க வேண்டாம். அனுப்பியவரின் எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன்பிறகே அவரை பிளாக் செய்யுங்கள்.